முட்டியில் ஜெல் ஊசி போடும் முன்

"முட்டியில கிரீஸ் தீர்ந்துபோச்சு, ஜெல் ஊசி போட்டா சரியாயிடும்." தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஐம்பதைத் தாண்டியவர்களில் பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். அந்த ஜெல் ஹயலூரோனான்; மருந்துப் பெட்டியில் ஹயலூரோனிக் அமிலம் என்று போட்டிருக்கும். கிரீஸை ஒருமுறை அடைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். இது கிடக்காது. உடம்பு இதைத் தினமும் செய்கிறது, தினமும் அழிக்கிறது. அந்த வரவு செலவு தெரிந்தபின் ஊசியைப் பற்றி முடிவெடுப்பது நல்லது.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் மொத்தம் சுமார் 15 கிராம் ஹயலூரோனான் இருக்கிறது, பாதி தோலில். இதில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் அழிந்து புதிதாக உருவாகிறது. முட்டியில் இதைச் செய்வது மூட்டின் உள்சவ்வுச் செல்கள். செல்லின் வெளிச்சவ்விலேயே ஒரு நொதி உட்கார்ந்துகொண்டு, குளுக்கோஸிலிருந்து வந்த இரண்டு வகைச் சர்க்கரைகளை மாறி மாறிக் கோத்து, கோக்கக் கோக்க வெளியே தள்ளும். ஒரு சங்கிலியில் பத்தாயிரம் ஜோடிகள்கூட இருக்கலாம். நல்ல முட்டியில் இருக்கும் திரவமே மூன்று நான்கு மில்லிதான், ஒரு டீஸ்பூன்கூட இல்லை. மில்லிக்கு 2 முதல் 4 மில்லிகிராம் என்றால் முழு முட்டிக்கும் ஏறக்குறைய பத்து மில்லிகிராம்.

இனி செலவு. நடக்கும்போது மூட்டுக்குள் ஏறும் அழுத்தத்தில் திரவம் சவ்வு வழியாகக் கசிந்து நிணநீர்க் குழாய்க்குப் போகிறது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த முடிச்சுகளில்தான் பெரும்பகுதி சிதைகிறது. தப்பி ரத்தத்துக்கு வந்ததைக் கல்லீரல் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது பாதி மறைய ஆகும் நேரம், இரண்டு முதல் ஐந்து நிமிடம். (கல்லீரல் சுருங்கியவர்களுக்கு ரத்தத்தில் இதன் அளவு ஏறுவது அதனால்தான்.) தோலில் ஒரு நாள், ஒன்றரை நாள், மூட்டுத் திரவத்தில் ஒரு நாளுக்குள்.

ஒரு சாதாரண ஊசியில் 2 மில்லி, அதாவது 20 மில்லிகிராம் மருந்து. முட்டியின் சொந்த இருப்பைப் போல இரண்டு மடங்கு. ஆனாலும் சில நாளில் போய்விடும். குறுக்கே பிணைத்துக் கெட்டியாக்கிய ஜெல் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும், அவ்வளவே. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கம் 2021இல் இதை வழக்கமாகப் போடவேண்டாம் என்றது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம் என்றது. ஆகவே இதை முதல் வைத்தியமாக எடுக்காதீர்கள்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் அதற்கு முன் பார்க்கவேண்டியது நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு உப்பு. பல ஆண்டு போர்த் தண்ணீர் குடித்தவருக்கு வரும் மூட்டுவலியும் விறைப்பும் வெளிப்பார்வைக்குத் தேய்மானம் போலவே இருக்கும். வீட்டிலேயே மூன்று சோதனை: முட்டியை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுங்கள், மோவாயை நெஞ்சில் வையுங்கள், இரண்டு கைகளையும் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோங்கள். முடியவில்லை, பல்லிலும் சின்ன வயதிலிருந்து பழுப்புக் கறை இருக்கிறது என்றால், முட்டியோடு முன்கைக்கும் எக்ஸ்ரே கேளுங்கள், தண்ணீரையும் சோதிக்கக் கொடுங்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது, 1.5ஐத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குடிநீருக்கு மாறுங்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டிப்படும். ஃபுளோரைடால் வந்த மூட்டுவலிக்கு ஜெல் ஊசி வீண் செலவு.

தேய்மானம்தான் என்று உறுதியாகி, மற்ற வைத்தியமும் பலிக்காமல் ஊசிக்குப் போகிறீர்கள் என்றால், வீங்கிய முட்டியில் அப்படியே குத்த விடாதீர்கள். முதலில் நீரை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மருந்து அதில் கரைந்து நீர்த்துப்போகும். எடுத்த நீரே பாதி கதையைச் சொல்லும். ஊசி முனையிலிருந்து ஒரு சொட்டு விழும்போது மூன்று நான்கு சென்டிமீட்டர் நூலாக இழுத்தால் சங்கிலிகள் நீளமாக இருக்கின்றன. தண்ணீர் மாதிரி சொட்டினால் அழற்சியில் அவை துண்டாகியிருக்கின்றன. கலங்கலாக இருந்தால் அன்று ஊசியே கூடாது, நீர் பரிசோதனைக்குப் போகவேண்டும். பென்சால்கோனியம் வகைக் கிருமிநாசினியால் தோலைத் துடைத்தால் ஹயலூரோனான் திரிந்துபோகும். வேறு கிருமிநாசினி போதும். சில மருந்துகள் சேவல் கொண்டையிலிருந்து எடுப்பவை. கோழி, முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடவேண்டும்.

வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து ஊசி, அல்லது ஒரே தடவையில் 6 மில்லி. போட்டபின் இரண்டு நாள் களை பறிக்கக் குந்துவது, மாமரம் ஏறுவது, மூட்டை தூக்குவது கூடாது, வீட்டுக்குள் நடக்கலாம். லேசான வலிக்குத் துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம். மூன்று நாளுக்குள் முட்டி சூடாகிப் பெரிதாக வீங்கிக் காலை ஊன்றவே முடியவில்லை என்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மருந்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பா, சீழ் பிடித்ததா என்பது நீரை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எதிர்ப்பு இரண்டாவது மூன்றாவது ஊசியில் வருவதும் உண்டு.

ஹயலூரோனான் மாத்திரையைக் குடல் பாக்டீரியா உடைத்துவிடும், அதற்கு ஆசைப்படவேண்டாம். மூட்டை அசைத்தால் சவ்வு கூடுதலாகச் சுரக்கிறது என்று முயல் மூட்டில் பார்த்திருக்கிறார்கள். அப்படி அசைக்கச் செலவில்லாத வழி இது: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை வைத்து இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஊசி போட்டவர்கள் மூன்றாம் நாளிலிருந்து தொடங்கலாம்.