டயாலிசிஸ் நோயாளிகள் பேரிடருக்கு முன்கூட்டியே தயாராவது எப்படி

ஒருமுறை டயாலிசிஸ் செய்ய ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரித்த நீரும் தடையற்ற மின்சாரமும் தேவைப்படுவதால், புயலோ வெள்ளமோ வந்தால் மையம் சில நாட்கள் இயங்காமல் போகலாம். எச்சரிக்கை வந்தவுடனேயே மையத்தை அழைத்து, அடுத்த சிகிச்சையை முன்கூட்டியே செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். 2012-இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலின்போது அவ்வாறு செய்துகொண்டவர்களிடையே உயிரிழப்பு குறைவாக இருந்தது. மாற்று மையம் எது என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சிகிச்சை தள்ளிப்போகும் நாட்களுக்கான அவசர உணவுத் திட்டத்தை உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும் என்பதால், அது மிகுந்த வாழைப்பழம், இளநீர், தக்காளி ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொடிகள் பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடுதான். பலர் கவனிக்கத் தவறும் ஆபத்து இது. நீர் அருந்தும் அளவையும் வழக்கத்தைவிடப் பாதியாகக் குறைக்கச் சொல்வதுண்டு. உப்பைக் குறைத்தால் தாகமும் அடங்கும்.

உலர் எடை (மிகை நீர் நீக்கப்பட்டபின் உள்ள உடல் எடை), டயாலைசர் (இரத்தத்தை வடிகட்டும் கருவி) வகை, ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவு, ஒவ்வாமை, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை முடிவுகள், மருந்துப் பட்டியல் ஆகியவை அடங்கிய தாளை நீர் புகாத உறையில், ஓரிரு வாரங்களுக்கான மாத்திரைகளுடன் வைத்திருங்கள். நிவாரண முகாமில் யாரேனும் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக அறுவை சிகிச்சையால் இணைத்த இரத்தநாளம்) உள்ள கையில் ஊசி போடவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ முற்பட்டால், தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

மூச்சுத்திணறல், கடுமையான தசைத் தளர்ச்சி, சீரற்ற நாடித்துடிப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், மையம் திறக்கும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.