கேம் செயின் சத்தமா? டென்ஷனரைக் கழற்றும் முன்

பைக் எஞ்சினில் டாப்பெட் (வால்வு) இடைவெளியைச் சரிசெய்த பின்னரும், ஐடிலில் (ஆக்சிலரேட்டர் தராமல் எஞ்சின் ஓடும்போது) சிலிண்டரின் செயின் பக்கத்திலிருந்து கடகடவென்ற ஓசை தொடருமானால், கிராங்க்கின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டுக்குக் கடத்தும் கேம் செயினைத் தொய்யாமல் வைத்திருக்கும் டென்ஷனரைச் சோதிக்க வேண்டும். ஸ்பிரிங்கும் பல்சக்கரப் பூட்டும் கொண்ட தானியங்கி டென்ஷனரின் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, அப்படியே மீண்டும் முறுக்குவதுதான் பலர் செய்யும் பெரும் பிழை. தளர்த்திய கணமே டென்ஷனரின் தண்டு வெளியே நீண்டு பூட்டிக்கொள்வதால், முறுக்கும்போது செயின் அளவுக்கு மீறி இறுகி, அதை வழிநடத்தும் கைடும் சேதமடையக்கூடும். ஆகவே பிஸ்டனை கம்ப்ரஷன் டிடிசியில் (வால்வுகள் மூடியிருக்க, பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலையில்) நிறுத்தி, டென்ஷனரை முழுமையாகக் கழற்றுங்கள். அது வெளியே இருக்கையில் கிராங்க்கைச் சுழற்றாதீர்கள். வெளியே நீண்டிருக்கும் தண்டு கட்டைவிரல் அழுத்தத்திற்கே உள்ளே போனால், பழுதுபார்க்க முயலாமல் மாற்றிவிடுவதே நல்லது. தண்டை உள்ளிழுத்துப் பூட்டி, புதிய கேஸ்கெட்டுடன் பொருத்திய பின் பூட்டை விடுவித்து, கிராங்க்கை இயல்பான திசையில் கையால் 2 சுற்று சுழற்றி, கிராங்க்கும் கேமும் சரியான நிலையில் இருப்பதைக் காட்டும் டைமிங் குறிகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அதன் பின்னும் ஓசை அடங்கவில்லையெனில், பெரும்பாலும் செயினோ கைடோ தேய்ந்திருக்கும்.