மலையில் ஓடும் எக்ஸ்பல்ஸுக்கு வீட்டிலேயே பார்க்கிற வேலைகள்

என்னிடம் இருப்பது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக், 2019இல் வந்த கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாடல். செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். வீடு கொடைக்கானல் மலைப்பக்கம் தாண்டிக்குடியில். காப்பியும் மிளகும் உள்ள தோட்டத்துக்கு ஜீப் தடத்தில் இறங்கிப் போக வேண்டும். உர மூட்டை, மருந்தடிக்கும் டேங்க், பழம் பறிக்கிற மாதங்களில் காப்பிச் சாக்கு எல்லாம் இந்த வண்டியில்தான். ஸ்பேர் வேண்டுமென்றால் வத்தலக்குண்டுக்கு இறங்கணும், அங்கே இல்லையென்றால் திண்டுக்கல். அதனால் சின்ன வேலைகளையாவது நாமே பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது இந்த மாதிரி வண்டிகள் வாங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியில் எதை மாற்றுவதாக இருந்தாலும் ஒன்றை யோசியுங்கள்: சுமையோடு, ஈரத்தில், இறக்கத்தில் வரும்போது இது உதவுமா? உதவாது என்றால் அந்தக் காசை டயரிலும் பிரேக்கிலும் போடுங்கள். எக்ஸ்பல்ஸில் முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18, தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி, அடியில் இன்ஜினைக் காக்கும் தகடு, கைக்கு முன்னால் கார்டு எல்லாம் கம்பெனியே கொடுத்துவிடுகிறது. கடையில் பளபளவென்று தொங்குவதில் பாதி நமக்குத் தேவையில்லை.

நான் செய்த மாற்றங்களில் அதிகம் பலன் கொடுத்தது முன் ஸ்ப்ராக்கெட், அதாவது செயினை இழுக்கிற பல்சக்கரம்தான். உயரம் கூடக்கூடக் காற்று மெலியும். 1,000 மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இன்ஜின் இழக்கும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற கொடைக்கானலுக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கார்புரேட்டர், இன்ஜெக்‌ஷன் இரண்டுக்கும் இதே கதைதான். பின்னால் மூட்டையும் இருந்தால் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவில் வண்டி தவித்துப்போகும். முன் ஸ்ப்ராக்கெட்டில் 13 பல் இருந்தால் 12 பல் போடுங்கள். எல்லா கியரும் சுமார் 8 சதவீதம் இறங்கும். பின்னால் மூன்று பல் கூட்டினால் வருகிற பலன் இதில் சின்ன செலவில் வந்துவிடும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இதன் அருமை தெரியும்: த்ராட்டிலை விட்டதும் இன்ஜினே வண்டியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். நேர் ரோட்டில் வேகம் கொஞ்சம் குறையும், பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். அது பரவாயில்லை.

மாற்றும்போது, செயினைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டால் ஸ்ப்ராக்கெட் சுற்றாமல் நிற்கும். பெரும்பாலான சின்ன வண்டிகளில் ஒரு தகடும் இரண்டு போல்ட்டும்தான் இருக்கும். சிலவற்றில் ஒரே பெரிய நட்டு; அதற்கு நல்ல சாக்கெட் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஸ்ப்ராக்கெட் சின்னதானால் செயின், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்கு இன்னும் நெருக்கமாக ஓடும். அங்கே இருக்கும் ரப்பர் கட்டை தேய்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்க்க வேண்டும்.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு விஷயம். மெலிந்த காற்றில் பெட்ரோல் அளவு தானாகக் குறையாது. அதனால் மேலே போகப்போகக் கலவையில் பெட்ரோல் மிகும், பிளக்கில் கருப்பாகக் கரி படியும், மைலேஜ் விழும். இதற்குப் பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் மெயின் ஜெட்டையே சின்னதாக மாற்றச் சொல்வார்கள். எப்போதும் மேலேயே ஓடும் வண்டிக்கு அது சரி. நம்மைப் போல வாரா வாரம் வத்தலக்குண்டு இறங்குகிறவர்கள் அதைச் செய்யக் கூடாது. கீழே கனமான காற்றில் அதே ஜெட் பெட்ரோலைப் பற்றாக்குறையாகக் கொடுக்கும், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். கார்புரேட்டரில் இருக்கும் ஸ்க்ரூவில் கால் சுற்று மாற்றம் மட்டும் போதும். இது ஐட்லிங்கையும் லேசான த்ராட்டிலையும்தான் சரிசெய்யும். எந்தப் பக்கம் திருப்புவது என்று பலருக்குக் குழப்பம் வரும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கான ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது கலவைக்கான ஸ்க்ரூ; உள்ளே திருப்பினால்தான் குறையும். இன்ஜின் சூடான பிறகு செய்யுங்கள். பழைய நிலை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இளம் பழுப்பு நிறம் இருக்க வேண்டும்.

செயின்

சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியில் செயினைச் சுத்தம் செய்வது எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு சில்வர் ஓக் கட்டை போதும். எங்கள் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரம் அது, கிளை கழித்தபோது கிடைத்ததை வெட்டி வைத்திருக்கிறேன். வண்டியைச் சமதரையில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய டியூபைக் கீறிய வாரால் முன் பிரேக் லிவரை இறுக்கிக் கட்டுங்கள். வண்டியை இடப்பக்கமாகச் சற்றே சாய்த்தால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அந்த நேரத்தில் வலப்பக்கம் ஆக்சிலுக்குப் பக்கத்தில் ஸ்விங் ஆர்முக்கு அடியில் கட்டையை முட்டுக்கொடுங்கள். கட்டையின் நுனியில் V வடிவத்தில் ஒரு வெட்டு இருந்தால் நழுவாது. நியூட்ரலில் போட்டுக் கையால்தான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுச் செயினுக்குத் துணி பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். துணி இழுத்தால் விரலும் சேர்ந்து போகும்.

இந்தச் செயினின் கண்ணிகளுக்கு நடுவில் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன, உள்ளே இருக்கும் கிரீஸை அவைதான் காக்கின்றன. பெட்ரோலும் இரும்பு பிரஷ்ஷும் அவற்றைக் கெடுத்துவிடும். மண்ணெண்ணெய் அல்லது டீசல், பழைய டூத் பிரஷ், பனியன் துணி, இவ்வளவுதான் வேண்டும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, 90ஆம் நம்பர் கியர் ஆயிலைச் செயினின் கீழ் வரிசையில், உள்பக்கமாக விடுங்கள். சுற்றும்போது எண்ணெய் தானாக வெளிப்பக்கம் வரும். ராத்திரி விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் மண் ஒட்டாது. டிஸ்க் மேல் தெறிக்காமல் அட்டை வைக்க மறக்காதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை, மற்ற மாதங்களில் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை செய்தால் போதும்.

டென்ஷன் பார்ப்பதில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். தொங்குகிறதே என்று இறுக்கிவிடுவார்கள். இந்த வண்டிகளின் பின் சஸ்பென்ஷன் நீளமாக இறங்கி ஏறும். எக்ஸ்பல்ஸில் 170 மில்லிமீட்டர். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் செயின் உச்சக்கட்ட இறுக்கத்துக்குப் போகும். மூட்டை ஏற்றிப் பள்ளத்தில் விழும்போது அதுதான் நடக்கிறது. வெறும் வண்டியிலேயே இறுக்கமாக இருந்த செயின் அப்போது கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். எத்தனை மில்லிமீட்டர் தொய்வு என்பதை மேனுவலில் பார்த்து வையுங்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எந்த இடத்தில் அதிக இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும். இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், ஸ்விங் ஆர்ம் போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை நூல் பிடித்து இரண்டு பக்கமும் சரிபாருங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் செயினைப் பின்னுக்கு இழுத்தால் பாதிப் பல்லுக்கு மேல் தெரிகிறதா? செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செட்டாக மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பஞ்சர், கம்பி

கம்பிச் சக்கரம், டியூப் டயர். தோட்டத்தில் முள்ளும் ஆணியும் சகஜம். ஒரே ஒரு ஸ்பேர் டியூப் என்றால் 21 அங்குல டியூபை எடுத்துப் போங்கள், ஆபத்துக்குப் பின் சக்கரத்திலும் மடித்துப் போட்டு வீடு சேரலாம். நேர்மாறாகச் செய்ய முடியாது.

காற்றை முழுக்க இறக்கி, டயரின் இரண்டு பக்க விளிம்பையும் காலால் மிதித்து ரிம்மிலிருந்து விடுவியுங்கள். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். வால்வுக்கு நேரெதிர்ப் பக்கம் டயர் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்திக்கொண்டு, வால்வுப் பக்கத்தில் டயர் லிவர் போட்டு ஆரம்பித்தால் லேசாகக் கழன்று வரும். பலம் கேட்டால் எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம்; லிவரைத் திருகாமல் அதைச் சரிசெய்யுங்கள். டியூபை எடுத்ததும் டயரின் உள்பக்கம் துணியால் ஒரு சுற்று தடவுங்கள், முள் நுனி இருந்தால் நூல் மாட்டும். புது டியூபில் வடிவம் வருகிற அளவு கொஞ்சம் காற்று வைத்து உள்ளே போடுங்கள். மாட்டும்போது எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் கை வலிக்காது.

சேற்றுக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுவது நல்லதுதான், ஆனால் டியூப் டயரில் 18 பிஎஸ்ஐக்குக் கீழே போகாதீர்கள். ரிம் மேல் டயர் நழுவும்போது டியூபும் கூடவே நகர்ந்து வால்வு அடியில் கிழியும். இதற்காக வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடிப் பக்கம் ஏற்றி வைத்திருக்கிறேன். வால்வு சாய்ந்து நின்றால் டியூப் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் பம்ப் எடுத்துப் பழைய அளவுக்கு அடித்துவிடுங்கள்.

சக்கரம் தூக்கி நிற்கும்போதே ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சத்தம் தரும். தளர்ந்ததை மட்டும் கால் சுற்றுகளாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சக்கரத்தைச் சுற்றி ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள். பல கம்பிகள் தளர்ந்திருந்தால் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

பிரேக்

பெருமாள்மலையிலிருந்து வத்தலக்குண்டு வரை இறக்கம்தான். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பெரியவர்கள் சொன்னது இன்றைக்கும் சரி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேகம் வீட்டுக்குள்ளேயே வருகிற ஊரில் சொல்லவே வேண்டாம். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும், ஆவி உண்டாகும், லிவர் பஞ்சாக உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்றுங்கள். மூடியில் எழுதியிருக்கும் ரகத்தை, புது டப்பா உடைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரில் ஆயில் வெளியேற்ற ஒரு நிப்பிள் இருக்கும், அதில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வையுங்கள். லிவரை அழுத்திப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, அப்புறம் லிவரை விடு. இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போகும். மேல் டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது. டியூபில் குமிழி நின்று, தெளிந்த ஆயில் வந்ததும் முடிந்தது. சிந்தினால் பெயின்ட்டை அரிக்கும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பேடில் உராயும் பகுதி 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அடுத்த முறை கீழே இறங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

மேகம் இறங்கினால் ஹை பீம் வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். மஞ்சள் லைட் ஒரு ஜோடி, ஹெட்லைட்டை விடத் தாழ்வாக, ரோட்டைப் பார்த்துக் கவிழ்த்து மாட்டியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து 20 வாட்; 12 வோல்ட்டில் 2 ஆம்பியர்கூட வராது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத்தான் இழுக்க வேண்டும், ஹெட்லைட் வயரைக் கீறி ஒட்டுப்போடாதீர்கள். கனெக்டர்களில் வாஸ்லின் தடவினால் பச்சை பிடிக்காது.

"மாமா, சைலன்சர் மாத்தித் தாங்களேன்" என்று என் அக்கா மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதிகச் சத்தத்துக்குத் தனியாக அபராதம் உண்டு. அதைவிட, வளைவுக்கு அந்தப் பக்கம் காட்டுமாடு மேய்கிற ஊர் இது. அதை மிரட்டிவிட்டு அதன் முன்னாலேயே போய் நிற்கணுமா? அதேபோல, கொடைக்கானல் மலைக்காடுகள் 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். வண்டி ஏறுகிறது என்பதற்காகக் காட்டுக்குள் தடம் போடாதீர்கள். நம் பட்டா நிலத்துத் தடமே வேண்டிய அளவு கரடுமுரடாக இருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன்னால் சிலவற்றை முடித்துவிட வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஆயிலை வடித்து, வாஷரோடு மாற்றுங்கள். அடித்தகட்டைக் கழற்றி உள்ளே அடைந்திருக்கும் செம்மண்ணைத் தட்டுங்கள், இல்லையென்றால் ட்ரெயின் நட்டு துருப்பிடித்துவிடும். தாள் ஏர் ஃபில்டரைக் கழுவக் கூடாது. எண்ணெய் பூசிய ரகமென்றால் காற்றும் அடிக்கக் கூடாது, புதிதுதான் போடணும். கிளட்ச் கேபிளின் மேல் முனையில் எண்ணெய் விட்டு, கீழ் முனையில் சொட்டுகிற வரை காத்திருங்கள்.

ஹேண்டில்பார் திரும்புகிற இடத்து பேரிங்கான கோன்செட்டை மாற்றுவது, ஃபோர்க் ஆயில் சீல், இன்ஜினைத் திறக்கிற எந்த வேலையும் நான் வீட்டில் செய்வதில்லை. அதற்குக் கீழே போகிற நாளில் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டையும் பேடையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் புதிய சாமானோடு பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டை, பேடின் காது எல்லாம் பொருந்துகிறதா என்று கவுன்டரிலேயே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.