போர்வெல் மோட்டார் கன்ட்ரோலருக்கு பர்ஸ்ட், சர்ஜ் சோதனை

ஐப்பசி இடிக்கு அப்புறம் காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து ரிப்பேருக்கு வரும் கன்ட்ரோலர்களில் சிலதில் வேரிஸ்டர் (வோல்டேஜ் எகிறினால் அதை வாங்கிக்கொண்டு போர்டைக் காக்கும் பார்ட்) வெடித்திருக்கும், அது சர்ஜ், அதாவது லைனில் வரும் ஒற்றைப் பெரிய வோல்டேஜ் அடி. சிலதில் ஒரு பார்ட்டும் எரிந்திருக்காது, ஆனால் மைக்ரோகன்ட்ரோலர் ஹேங் ஆகி, கிணறு வற்றினாலும் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டியிருக்கும். அங்கே பர்ஸ்டைத்தான், அதாவது கொத்துக் கொத்தாக வரும் அதிவேகக் குட்டி பல்ஸ்களைத்தான், நான் முதலில் சந்தேகப்படுவேன். பல்ஸை உண்டாக்கும் டெஸ்ட் ஜெனரேட்டரும், அதை சப்ளை லைனில் ஏற்றிவிடும் கப்ளிங் பெட்டியும் இருந்தால் இரண்டையும் மேஜையிலேயே வரவழைத்துப் பார்க்கலாம்.

முதலில் பர்ஸ்ட். சர்ஜை முன்னால் கொடுத்து போர்டு போய்விட்டால் பர்ஸ்டுக்கு எதை வைத்துப் பார்ப்பது?

அலுமினியத் தகடு ஒன்றை விரித்து, அதன்மேல் 10 செ.மீ. உயரத்தில் மரக்கட்டையோ தெர்மோகோலோ வைத்து கன்ட்ரோலரை உட்கார வையுங்கள். கப்ளிங் பெட்டியிலிருந்து வரும் கேபிள் அரை மீட்டர். மோட்டாருக்குப் பதில் குண்டு பல்பு போதும். புரோகிராமிங் கேபிளைக் கழற்றிவிடுங்கள், லேப்டாப்பும் சேர்ந்து போகும்.

இனி எர்த். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நம்ம ஊர் செம்புறாங்கல் பூமி கோடையில் காய்ந்துவிடும் என்பதால் எர்த் என்றதும் குழி, உப்பு, கரி என்றே மனசு போகிறது. பாதுகாப்புக்கு அந்த எர்த் கட்டாயம் வேண்டும். ஆனால் பல்ஸ் மண்ணைத் தேடிப் போவதில்லை, புறப்பட்ட ஜெனரேட்டருக்கே திரும்பியாக வேண்டும், அந்தப் பாதை இந்தத் தகடுதான். 5 நானோசெகண்டில் எகிறும் பல்ஸுக்கு ஒரு மீட்டர் பச்சை ஒயர் ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி காயில். அதனால் ஜெனரேட்டரையும் தகட்டையும் அகலமான, குட்டையான செம்புப் பட்டையால் பெயின்ட் சுரண்டி முறுக்குங்கள். இதில் கோட்டை விட்டால் இன்று பாஸ் ஆன அதே போர்டு நாளைக்கு ஹேங் ஆகும், காரணம் பிடிபடாது.

500 வோல்ட், 1 கிலோவோல்ட், 2 கிலோவோல்ட் என்று ஏற்றுங்கள், பிளஸ் மைனஸ் இரண்டிலும் ஒவ்வொரு நிமிடம். பல்ஸ் வரும் வேகத்தில் 5 கிலோஹெர்ட்ஸைவிட 100 கிலோஹெர்ட்ஸையே நான் நம்புவேன், நிஜ லைனுக்கு அதுதான் நெருக்கம். ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது என்றால் என் கணக்கில் ஃபெயில். ராத்திரி தோட்டத்தில் யார் போய் ஆஃப் செய்வது?

சர்ஜுக்கு ஃபேஸ்–நியூட்ரல் 1 கிலோவோல்ட், எர்த்துக்கு 2 கிலோவோல்ட். ஏசி அலையின் 0, 90, 180, 270 டிகிரியில் பிளஸ் ஐந்து பல்ஸ், மைனஸ் ஐந்து பல்ஸ். நடுவே ஒரு நிமிடம் விடுங்கள், வேரிஸ்டர் ஆற வேண்டும். வெடித்தால் தெறிக்கும், மூடி போட்டே செய்யுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அறையில் இருக்கக் கூடாது. வேரிஸ்டரில் என் சாய்ஸ் 20 மி.மீ., 320 வோல்ட். 275 வோல்ட் வகை நம்ம லைனின் ஹை வோல்டேஜுக்குத் தாங்காது.

பின்சேர்க்கை: ஆன் செய்ததுமே ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர்) டிரிப் ஆகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கப்ளிங் பெட்டிக்குள் உள்ள கெப்பாசிட்டர்கள் எர்த்துக்குக் கசியவிடும் கரன்ட்தான் காரணம். ஆர்சிசிபியை பைபாஸ் செய்யாதீர்கள். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, பெட்டியின் எர்த்தை முதலில் மாட்டிவிட்டு, அப்புறம் சப்ளை கொடுங்கள்.