பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சுத்தம் செய்து கொடுக்கும் தொழில்: காரைக்குடிப் பக்கம் தொடங்குகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், எங்கே போனாலும் பெரிய வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்று வந்து இறங்குவதற்கு நாலு நாள் முன்னால்தான் “வீட்டைத் திறந்து கழுவிவிட ஆள் கிடைக்குமா” என்று போன் வரும். அந்தப் போனை நம்பித்தான் இந்தத் தொழில். நான் செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் சாவி நோட்டு

சாமான் வாங்குவதற்கு முன்னால் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். சாவி யாரிடம் வாங்கினோம், எத்தனை சாவி, எந்தத் தேதி, திரும்ப யாரிடம் கொடுத்தோம், இரண்டு பக்கமும் கையெழுத்து. உள்ளே பித்தளை அண்டா, மங்குச் சாமான், பழைய கண்ணாடி என்று இருக்கும், ஒரு குத்துவிளக்கு இடம் மாறி இருந்தாலும் சந்தேகம் நம் ஆட்கள் மேல்தான் விழும். அதனால் கதவைத் திறந்ததும் வாட்ஸ்அப்பில் வீட்டுக்கார ஆச்சியை வீடியோ காலில் கூப்பிட்டு முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய இடமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று காட்டிக்கொண்டே போய்விட வேண்டும். பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொது, உள் அறைகளுக்கு ஆளுக்கொரு பூட்டு. எந்த அறை நம் வேலை, பணம் தரப்போவது யார் என்பதை அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

2. பதிவு

சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு இணையத்தில் இலவசம், ஆதார், பான் கார்டு இருந்தால் போதும். யாராவது இதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். முதல் போட முடியாதவர்கள் வங்கியில் முத்ரா கடனில் ‘சிசு’ பிரிவைக் கேளுங்கள், 50,000 ரூபாய் வரை சொத்து ஈடு இல்லாமல் தருவார்கள். வேலைக்கு வருகிறவர்களைப் பிரதமர் சுரக்ஷா பீமா என்கிற விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய்தான், அதை நீங்களே கட்டுங்கள், ஏணியில் ஏறுகிறவர்கள் அவர்கள்.

3. எதைக் கொண்டு துடைப்பது

இதில்தான் புதிதாக வருகிறவர்கள் வீட்டைக் கெடுத்துவிடுகிறார்கள். என் முதல் வருஷத்தில், கறை போகவில்லை என்று எங்கள் ஆள் ஒருவர் கழிப்பறை ஆசிட்டைப் பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஊற்றிவிட்டார். நுரை பொங்கியது, தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தபோது சிவப்புப் பூவின் ஓரம் வெளுத்து, தடவினால் சொரசொரப்பாக இருந்தது. அந்தக் கல் சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்துக் கையால் செய்வது, ஆசிட் பட்டால் மேல்தோல் அரித்துப் போகும். நாலு கல்லை மாற்றிக் கொடுத்தேன், ஆனால் பழைய கல்லின் மினுக்கம் புதிதில் வரவில்லை. அது காலடி பட்டுப் பட்டு வந்த மினுக்கம். இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போனால் என் கண் அந்த மூலைக்குத்தான் போகும்.

ஆகவே தரைக்கு வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும், பிசுக்கு இருந்தால் காரமில்லாத சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை உலர்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். தேக்கு வேலைப்பாட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரஷ்தான் நல்லது. பெரிய நிலைக்கண்ணாடியில் நேராகத் தெளிக்காதீர்கள், ஓரமாக இறங்கி ரசத்தைத் தின்றுவிடும், துணியில் தெளித்துத் துடையுங்கள். பித்தளைக்குப் புளி போதும், தேய்த்த உடனே அலசி ஈரம் போகத் துடைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் எந்தக் காலத்திலும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும்.

4. வேலை வரிசை

ஜன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்று விடுங்கள். பாம்பு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுங்கள், நீங்கள் கம்பு எடுக்க வேண்டாம். வௌவால் எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காமல், முகமூடி போட்டு, நனைத்துச் சுரண்டி எடுங்கள். வளவில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் முற்றத்து வடிகால் ஓட்டையில் கையை விட்டுச் சருகை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து மேடான கூடமான பட்டாலை வரை தண்ணீர் ஏறிவிடும். அப்புறம் ஒட்டடை, மரம், சுவர், கண்ணாடி, கடைசியில் தரை. செப்டிக் டேங்கில் ஆளை இறக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிரும் போகும். கழிவுநீர் லாரியை வரச் சொன்னால் போதும்.

5. எவ்வளவு கேட்பது

வீட்டைப் பார்க்காமல் போனிலேயே தொகை சொல்லாதீர்கள். ஆளுக்கு நாள் கூலி 600 என்று வைத்துக்கொண்டால் நாலு பேர், இரண்டு நாள், 4,800. சாமான் 500, வண்டி 800. மொத்தம் 6,100. அதன் மேல் கால் பங்கு நமக்கு, 7,625 ஆகிறது. பாதி முன்பணம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை கிடையாது, அதனால் மாதம் ஒருமுறை திறந்து பெருக்கிக் காற்று விடுவதற்கு வருஷக் கணக்கில் பேசி வையுங்கள். மாதாமாதம் திறக்கிற வீட்டில் கரையானும் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும்.

6. ஒப்படைப்பது

முடிந்ததும் அதே வரிசையில் மறுபடி வீடியோ கால். “ஆச்சி, சாமி அறைப் பக்கம் பார்த்துக்கிட்டீங்களா?” என்று நின்று கேளுங்கள், அவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். பிறகு பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, படம் எடுத்து அனுப்பிவிட்டு, சாவியைச் சொன்ன இடத்தில் சொன்ன ஆளிடமே கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்குங்கள்.