ரயிலடி எங்கே இருந்தது? நின்றுபோன கிளைப் பாதையை நடந்து தேடுவது எப்படி

எனக்கு ஊர் ஆக்கூர். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போன மீட்டர் கேஜ் பாதையில் எங்கள் ஊருக்கும் ஒரு ரயிலடி, அதாவது ஸ்டேஷன், இருந்தது. 1926இல் வந்த ரயில் 1986இல் நின்றது. மன்னம்பந்தல் கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் அந்த வண்டியில்தான் போய்வந்தேன். வருமானம் இல்லை, பஸ் வந்துவிட்டது என்று நிறுத்தினார்கள். அப்புறம் தண்டவாளத்தையும் எடுத்தார்கள். மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்துக் குறித்து வைக்க, நான்கு வருஷமாக மாசி பங்குனியில் நடந்துகொண்டிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு பாதை நின்றுபோயிருந்தால், நான் கற்றுக்கொண்டது உங்களுக்கும் உதவும்.

முதலில் வரைபடத்தைத் திறக்காதீர்கள். ஆட்களைப் பாருங்கள். வரைபடம் அடுத்த வருஷமும் இருக்கும். கடைசி வண்டியில் இருபது வயதில் ஏறியவருக்கு இப்போது அறுபது. அந்தக் காலத்து கேட் கீப்பர்களும், ஜல்லி போட்டு லைனைப் பார்த்துக்கொண்ட கேங்மேன்களும் அதைவிட மூத்தவர்கள். வருஷத்துக்கு ஒருவர் குறைந்துகொண்டே வருகிறார்கள். நான் பேச நினைத்துத் தள்ளிப்போட்ட இரண்டு பேர் இப்போது இல்லை.

அவர்களிடம் "எந்த வருஷம் நின்றது?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். வருஷம் யாருக்கும் நினைவிருக்காது. "வண்டி வந்து எங்க நிக்கும்? இறங்கினா எந்தப் பக்கமா நடப்பீங்க? மழை பெஞ்சா எங்க ஒதுங்குவீங்க?" என்று கேளுங்கள். உட்காரவைத்துக் கேட்பதைவிட, முடிந்தவர்களை அந்த இடத்துக்கே அழைத்துப்போய்க் கேட்பது நல்லது. தரங்கம்பாடியிலிருந்து கருவாட்டுக் கூடையோடு ஏறிவந்த ஓர் அம்மாவுக்கு வண்டி நின்ற வருஷமோ வந்த நேரமோ நினைவில்லை. ஆனால் புளியமரத்தடியில் போய் நின்றதும், "இங்கதான் தம்பி, இந்தக் கைப்பக்கம்தான் கூடைய இறக்குவேன்" என்று இடது கையை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் சருகை ஒதுக்கியதும் வரிசையாகச் செங்கல் தெரிந்தது. பிளாட்பார விளிம்பு. அதே இடத்தைத் தாண்டி நான் அதற்கு முன் மூன்று முறை போயிருந்தேன்.

பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் போன பின்னும் ஊர் வாயில் ரயிலடி இருக்கும், ஸ்டேஷன் ரோடு இருக்கும், கேட்டடி இருக்கும். கேட்டே இல்லாத இடத்தில் பஸ் கண்டக்டர் "கேட்டு, கேட்டு" என்று குரல் கொடுத்தால், ரோட்டை லைன் கடந்த இடம் அதுதான். ரயிலடி என்பது தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொல். உங்கள் ஊரில் வேறு சொல் இருக்கலாம்.

சரி, இப்போது வரைபடம். அமெரிக்க ராணுவம் 1950களில் தயாரித்த இந்திய வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இரண்டரை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவு என்பதால் தெரு தெரியாது. ஆனால் லைன் எந்தெந்த ஊருக்கு எந்தப் பக்கமாகப் போனது என்று தெரியும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பாருங்கள், கோடைக்காலத்துப் படமாகத் தேர்ந்தெடுத்து. டெல்டாவில் வயல் வரப்பு, வாய்க்கால், ஊர்ச்சாலை எல்லாமே ஒடிந்து ஒடிந்து போகும். ரயிலால் அப்படித் திரும்ப முடியாது. அது நேராகப் போகும், திரும்பினால் நீண்ட வளைவாகத் திரும்பும். வயல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு ஓடினால், ஒரு மரவரிசை மட்டும் சீராக வளைந்து போனால், அதைக் குறித்துவையுங்கள். எங்கள் பாதைக்கு மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி என்று ஊர்களை வரிசையாக எழுதி, இரண்டு ஊருக்கு நடுவே ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டேன்.

நடக்கத் தோதான காலம் தை அறுவடை முடிந்த பிறகு. சம்பா நின்றால் மேடு பள்ளம் தெரியாது. அறுத்துவிட்டு உளுந்தும் பயறும் விதைத்திருக்கும்போது தரை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். சாய்வெயிலில் இரண்டடி மேடுகூட நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். பத்து மணிக்கு மேல் அதே இடம் தட்டையாகத் தெரியும். செருப்பு வேண்டாம், அடி கெட்டியான ஷூ போடுங்கள். மேடு முழுக்கச் சீமைக் கருவேலம்தான், முள் செருப்பைத் துளைத்துவிடும். தட்டிக்கொண்டே நடக்க ஒரு கம்பு, தண்ணீர், நோட்டு, அளவு டேப் போதும்.

தரையில் என்ன பார்ப்பது என்பதுதான் முக்கியம். எங்கள் பக்கம் மலையும் குன்றும் இல்லை. வெள்ளத்துக்கு மேலே லைன் நிற்க வேண்டும் என்று மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். அந்த மண்ணைப் பக்கத்திலேயே தோண்டி எடுத்ததால் மேட்டை ஒட்டி நீளவாக்கில் குழிகள் இருக்கும். இப்போது அவை குட்டையாகி ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். குளம் என்றால் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும், படித்துறை இருக்கும். கோடு போட்டாற்போல ஒரே வரிசையில் மூன்று நான்கு குட்டை, படித்துறை எதுவும் இல்லாமல் இருந்தால், பக்கத்து மேட்டில் ஏறிப் பாருங்கள்.

அடுத்தது பாலம். வீரசோழன், மஞ்சளாறு என்று காவிரித் தண்ணீர் பிரிந்து ஓடும் பூமி இது. சின்ன வாய்க்காலுக்குக்கூட மதகு கட்டாமல் லைன் போட முடியாது. தண்டவாளத்தோடு பாலத்தின் இரும்பு உத்திரத்தையும் (கர்டர்) எடுத்திருந்தாலும், இரண்டு கரையிலும் கட்டிய சுவர் நிற்கும். அதன் அகலத்தை அளந்து எழுதுங்கள். மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி ஒரு மீட்டர்தான். வண்டிப் பாதைக்குக் கட்டிய பாலத்தைவிட ரயில் பாலச் சுவர் ஒடுக்கமாகவும் கெட்டியாகவும் இருப்பதைப் பார்த்தாலே புரியும். கருங்கல் ஜல்லியும் நல்ல அடையாளம். இது வண்டல் மண், இங்கே கல் விளையாது. வயல் ஓரத்தில் முஷ்டி அளவு கருங்கல் துண்டுகள் மண்ணுக்குள் கிடந்தால் அது வெளியூரிலிருந்து வந்த கல்தான்.

பழைய தண்டவாளத் துண்டு வேலித் தூணாகவோ மாட்டுக்கொட்டகைத் தூணாகவோ நிற்பதையும் பார்க்கலாம். அதன் பக்கவாட்டில் தயாரித்த ஆலையின் பெயரும் வருஷமும் எழும்பிய எழுத்தில் இருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுப் படம் எடுங்கள். எடுத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள். அது ரயில்வே சொத்து, திருட்டுத்தனமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிடவும், இடத்தை விட்டு எடுத்த துண்டு எங்கே இருந்தது என்று அடுத்தவருக்குத் தெரியாமல் போய்விடும்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகப் படியுங்கள். ரயில் மேட்டில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள். தாழ்ந்த பூமியில் மழைத் தண்ணீர் தேங்காத இடம் அது ஒன்றுதான் என்பதால், நிலம் இல்லாதவர்கள் குடிசை போட்டு, பிறகு ஓடு போட்டு, பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்திருக்கிறார்கள். டேப்பும் நோட்டுமாக நீங்கள் போய் நின்றால், "சர்வே எடுக்க வந்தீங்களா? வீட்ட இடிக்கப் போறாங்களா?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. ரயில் திரும்ப வரவேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். பல பத்தாண்டுகள் ரயிலே இல்லாத மன்னார்குடிக்கு 2011இல் வண்டி திரும்பியது. அகத்தியான்பள்ளிக்கு 2023இல் வந்தது. எங்களுக்கும் வரும் என்று நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் பயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த வேலையை எப்படிச் செய்யக்கூடாது என்று. வீடு இருக்கும் இடத்தில் டேப்பை எடுக்காதீர்கள். வீட்டைப் படம் எடுக்காதீர்கள். யார், எந்த ஊர், எதற்காக வந்தோம் என்று முதலில் சொல்லுங்கள். கொடுத்த தண்ணீரைக் குடியுங்கள். அந்த இடத்தை நோட்டில் "குடியிருப்பு, சுமார் இருநூறு மீட்டர்" என்று எழுதினால் போதும். கதவு எண்ணோ பெயரோ வேண்டாம். இதில் நான் முதல் வருஷம் தவறு செய்தேன். ஒரு வீட்டுப் பாட்டி இரவெல்லாம் தூங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டு, மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டு வந்தேன்.

காகித வேலை கொஞ்சம்தான். வருவாய்த் துறையின் இணையதளத்தில் புல எண் கொடுத்தால் அ-பதிவேடு விவரம் கிடைக்கும். சந்தேகமான துண்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். ரயில்வேயிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எங்கள் பகுதி திருச்சி கோட்டம். கேள்வி சின்னதாக இருக்கட்டும். "இந்தப் பாதை பற்றிய எல்லா விவரமும்" என்று எழுதாமல், ஸ்டேஷன்களின் பட்டியல், சேவை நின்ற தேதி, நில வரைபடத்தின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

நடந்த அன்றே இரவு நோட்டைப் பார்த்துத் தெளிவாக எழுதிவிடுங்கள். மதகு, பிளாட்பாரம், கேட் இருந்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் போனில் இருப்பிடக் குறியீட்டை எடுத்து, யார் சொன்னது, நீங்களே பார்த்ததா, கேட்டதா என்று பிரித்து எழுதுங்கள். யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கைவிடப்பட்ட ரயில் பாதைக்கென்றே ஒரு வகை இருக்கிறது, உறுதியான பகுதிகளை மட்டும் அதில் வரையுங்கள். அச்செடுத்து ஒரு பிரதி ஊர் நூலகத்தில் கொடுங்கள், இன்னொன்று உங்களோடு நடந்து வந்த பெரியவர் வீட்டில்.

எங்கள் பாதையிலேயே நடக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று. தில்லையாடியில் தொடங்கிப் பொறையாறு வழியாகத் தரங்கம்பாடி வரை போங்கள், வயதானவர்களுக்கும் அது தாங்கும். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு எதிரில் காற்றுக்கு உட்கார்ந்துவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். காலையில் நீங்கள் நடந்த மேடு அங்கங்கே ரோட்டுப் பக்கம் வந்து வந்து விலகிப் போகும்.