சாஃப்ட் பிளாஸ்டிக் இரைக்கு எந்த முள், எவ்வளவு ஈயம்?

கழிமுகத்தில் கொடுவா மீனுக்கு சாஃப்ட் பிளாஸ்டிக் (மென்மையான பிளாஸ்டிக்கில் செய்த போலி இரை) போடுகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் தூண்டில் முள்ளும் ஈயமும் பொருந்தாவிட்டால் எந்த நிறமும் உதவாது. ஜிக் ஹெட் (தலையில் ஈயம் வார்த்த முள்) வாங்கும்போதே இரையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்கில் குத்தி முதுகு வழியாக வெளியே வரும் முனை, உடம்பின் பாதி நீளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வால் விறைத்துப்போய் ஆடாது. 3 அங்குல இரைக்கு 2/0 அளவு முள் (முதல் எண் கூடினால் முள் பெரிது), 4 அங்குலத்துக்கு 3/0 அல்லது 4/0 பெரும்பாலும் சரியாக வரும். கம்பி தடிமனாக இருக்கட்டும், மெல்லிய முள்ளைக் கொடுவா நிமிர்த்திவிடும்.

எடையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இரை தரையைத் தொடுவது கையில் தெரிய எது குறைந்தபட்ச எடையோ, அதுதான் வேண்டும்: ஆறேழு அடி ஆழம், நீரோட்டத்தின் இழுப்பு இல்லை என்றால் 5 முதல் 7 கிராம் போதும், ஓதம் இழுக்கும்போது 10, 14 என்று ஏற்றிக்கொள்ளலாம். இரை இறங்கும்போதுதான் மீன் அதிகம் கவ்வும், கனத்த ஈயம் கட்டினால் கவ்வ நேரமே இருக்காது.

அப்புறம், பாசி மண்டிய ஏரியில் விராலுக்கு ஜிக் ஹெட் வேண்டவே வேண்டாம். ஆஃப்செட் முள்ளில் (கண்ணுக்குக் கீழே தண்டு படிபோல வளைந்த முள்) கோத்து, முனையை இரையின் முதுகுத் தோலுக்குள் லேசாகப் புதைத்து, ஈயமே இல்லாமல் இழுங்கள். முள்ளின் வளைவு இரையின் பருமனைப்போல் இரண்டு மடங்காவது அகலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மீன் கவ்வினாலும் முனை வெளியே வந்து குத்தாது. கோணலாகக் கோத்த இரை சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். கரையோரத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்து, சுழன்றால் கழற்றி நேராகக் கோத்துக்கொள்ளுங்கள்.